ஹாப்பர் அம்மையார்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கண்டமங்கலம் என்னும் ஊர் உள்ளது. காலை வேளையில் அச்சாலையோரம் நிற்போர், கரும்பு ஏற்றிய வண்டிகளும், பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த பேருந்துகளும், வேலைக்குச் செல்வோரின் மிதிவண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லக் காண்பர். செல்வோர் பலர், அவர் கருதிச் செல்லும் காரியங்களும் பல. எனினும் அவருள் ஒருவரேனும் தமக்கெனத் தனிச்சாலை ஒன்று அமைத்துக்கொண்டு புறப்படுவதில்லை. ஒருமுறை அமைத்து, செப்பம் செய்து, எல்லார்க்கும் பொதுவாக விடப்பட்ட சாலையிலேயே யாவரும் செல்கின்றனர். இதனை ஒரு வியப்பாக யாரும் கருதுவதும் இல்லை.

கணிப்பொறி தோன்றிய காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. அப்பொறிக்கு ஆணை எழுதிய அறிஞர்கள் நாள்தோறும் தத்தமக்குத் தனிச்சாலை அமைத்துக் கொண்டிருந்தனர் என்றே கூறலாம். ஒருவர் நேற்று அரும்பாடுபட்டு எழுதி முடித்ததை, அடுத்த அறையில் இருந்தவர் இன்று மீண்டும் முதலிலிருந்து எழுதினார். அன்னாரைப் பொதுச்சாலைக்கு அழைத்து வருவதற்காக நாற்பது ஆண்டுகள் உழைத்த பெருமாட்டி ஒருவர் இருந்தார். அவரே கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

கிரேஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க்கு மாநகரில் பிறந்தார். பெற்றோருக்கு அவரே தலைமகள். தந்தையார் ஈட்டுறுதித் தொழில் புரிந்தவர். நோயினால் கால்களை இழந்தவர். பெண்மக்களும் ஆண்மகனைப் போலவே உயர்கல்வி பெற்றுத் தம் காலில் நிற்றல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தாயாருக்குக் கணிதத்தில், அதிலும் வடிவகணிதத்தில், பெருவிருப்பம் உண்டு.

கிரேசுக்கு ஏழு வயது நடந்தபொழுது, கோடை விடுமுறையில் குடும்பத்தார் தங்கும் இல்லத்தின் படுக்கையறைதோறும் மணியடித்து எழுப்பும் கடிகாரம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பிய சிறுமி, ஒன்றைப் பிரித்தார். பிரித்ததை மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அதனை அறிவதற்காக அடுத்ததைப் பிரித்தார். அதன் பின்னர் அதற்கு அடுத்ததைப் பிரித்தார். இவ்வாறு ஏழு கடிகாரங்களும் பிரிக்கப்பட்டுக் கிடந்ததைத் தாயார் கண்டார். அவர் மகளை ஒறுக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்று மட்டும் ஆணையிட்டார்.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்ற கிரேஸ், யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் ஆசிரியரை மணந்து ஹாப்பர் என்னும் பெயரைப் பெற்றார். அம்மண வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது. தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே அவர் கணிதம் கற்பித்து வந்தார்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாடு இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. அம்மையாரின் கொள்ளுப்பாட்டனார் கடற்படையில் உயர்பதவி வகித்தவர். அவர் வழிவந்த அம்மையாரும் கடற்படையில் சேர விரும்பினார். ஆனால் வயது மிகுதி என்றும், உடல் எடை குறைவு என்றும் அவரை மறுத்தனர். வேண்டப்பட்ட எடை 120 பவுண்டு. அவருக்கு அதில் 15 பவுண்டு குறைந்தது. மேலும், கணிதப் பேராசிரியரின் பணி போருக்கு இன்றியமையாதது ஆகையால் கல்லூரியை விட்டு வருதல் கூடாது என்றும் கூறினர். அம்மையார் விடவில்லை. முயன்று தனி இசைவு பெற்று, 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதல்வராகத் தேறிய அவரை, 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற கணிப்புப் பணிக்கு அனுப்பினர்.

அங்கே ஓவர்டு அய்க்கன் என்னும் அறிஞரின் தலைமையில் மார்க்கு 1 என்னும் கணிப்பொறி இயங்கி வந்தது. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறத்தாழ 5 டன். ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி வேண்டும். இன்று சிறுவர் கையில் உள்ள பொம்மையில் அமைந்த பொறியும் அதனினும் பன்மடங்கு விரைவுடையது. எனினும் அக்காலத்தில் அது ஒரு பெரும் புதுமை. போர்க்காலமாதலின் இரவும் பகலும் அது ஓயாது உழைத்தது; அதனை இயக்கியவர்களும் ஓயவில்லை. அப்பொறியை இயக்கும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதுமாறு அய்க்கன் பணித்தார். தாம் நூல் எழுதி அறியாதவர் என்று அம்மையார் கூறியதை அவர் பொருட்படுத்தவில்லை. 1946இல் வெளிவந்த அந்நூல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது.

கணிப்பொறிக்கு இடும் ஆணைகளின் தொடரை நிரல் என்றும், அதனை எழுதுவோரை நிரலர் என்றும் வழங்குவர். பொறி தானே சிந்திப்பதன்று. இவ்வெண்ணை எடு, அவ்வெண்ணோடு கூட்டு, விடையை இன்ன இடத்தில் வை என்று ஒவ்வொரு சிற்றடியையும் அதற்கு எடுத்துக் கூறியாக வேண்டும். பீரங்கிக் குண்டு செல்லும் வழியைக் கணிப்பினும், கப்பலின் கட்டமைப்பைக் கணிப்பினும், இடையே ஒரு கோணத்தின் சைன் மதிப்பையோ ஓர் எண்ணின் வர்க்கமூலத்தையோ காணும் வேலை மீண்டும் மீண்டும் வந்தே தீரும். இத்தகைய ஒரு சிறு வேலையை மட்டும் செய்து முடிக்கும் பகுதிக்குத் துணைநிரல் என்று பெயர்.

இன்று கண்டமங்கலத்தில் மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் மாணவி ஒருத்தி, வர்க்கமூலம் வேண்டுமிடத்து அதற்குரிய துணைநிரலை ஒரு சொல்லால் அழைத்துக் கொள்கிறாள். அதனை எழுதியவர் யார், எந்நாட்டவர் என்பவற்றை அவள் அறியாள். அறிய வேண்டுவதும் இல்லை. ஹார்வர்டில் 1944இல் அவ்வாறு அழைத்துக் கொள்ளப் பொதுநிலையம் எதுவும் இல்லை. அம்மையாரும் அவருடன் பணிபுரிந்த ரிச்சர்டு பிளாக்கு, இராபர்ட்டு கேம்பல் என்னும் இளைஞர்களும் ஒரு வழி கண்டனர். பொறியில் ஓட்டிப் பார்த்துப் பிழையில்லை என்று தெளிந்த துணைநிரல்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தனர். ஒருவருக்கு ஒன்று வேண்டியபோது, அதனை முன்னரே எழுதியிருந்த மற்றவரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து எழுதிக் கொண்டனர். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய பெருநிலையங்களுக்கு இம்மூன்று குறிப்பேடுகளும் முன்னோடிகள் எனலாம்.

ஆயினும் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவதில் ஓர் இடர் இருந்தது. நம் நாட்டில் ஏடு பெயர்த்தெழுதியோரால் பாடவேறுபாடுகள் நுழைந்த வரலாற்றைத் தமிழ் பயில்வோர் அறிவர். அதே துன்பம் அங்கும் நேர்ந்தது. பெயர்த்தெழுதும்போது ஓர் எழுத்து வேறோர் எண்ணாகத் தோன்றிவிடும். ஏட்டில் ஓர் எழுத்து மாறினால் பொருள் திரியும். படிப்போர் ஊகித்தறிந்து திருத்திக்கொள்ளலாம். பொறிக்கு ஊகம் இல்லை. அது தவறான விடையைத் தயங்காது தந்துவிடும். மனிதர்க்குப் பார்த்து எழுதவும் வராது, பிழையின்றிக் கூட்டவும் வராது என்பதை அம்மையார் நாள்தோறும் கண்டார்.

போர் முடிந்த பின்னர், 1949இல், அம்மையார் பிலடெல்பியா நகரில் எக்கர்ட்டு, மாக்லி என்னும் இருவர் நடத்திய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக்கு என்னும் புதிய மின்னணுப் பொறி அங்கே உருவாகி வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் ஒரு நற்பணி நடைபெற்றது. மாரிஸ் வில்க்ஸ், டேவிட்டு வீலர், ஸ்டான்லி கில் என்னும் மூவரும் எட்சாக்கு என்னும் தம் பொறிக்கு உரிய துணைநிரல்களைத் துளையிட்ட தாள்நாடாக்களில் பதித்து, பேழையில் வகைப்படுத்தி வைத்து, யாவரும் எடுத்தாளச் செய்தனர். அம்முறையை விளக்கி 1951இல் அவர்கள் வெளியிட்ட நூலே நிரல் எழுதும் கலையைப் பற்றி அச்சில் வந்த முதல் நூல் என்பர்.

பேழையிலிருந்து எடுப்பவரும், எடுத்ததை நிரலோடு இணைப்பவரும் மனிதரே. அவ்வேலையையும் பொறியிடமே விட்டுவிட்டால் என்ன என்று அம்மையார் எண்ணினார். ஒவ்வொரு துணைநிரலுக்கும், நூலகத்தில் நூலுக்கு இடுவது போல, ஓர் அழைப்பெண் கொடுத்தார். துணைநிரல்கள் யாவும் காந்த நாடாவில் வரிசையாகப் பதிந்திருக்கும். நிரலர், தமக்கு வேண்டியவற்றின் அழைப்பெண்களை முறைப்படி எழுதிக் கொடுத்தால் போதும். பொறியே நாடாவில் தேடும், உரியதை எடுக்கும், நினைவகத்தில் அதற்குக் கிடைத்த இடத்திற்கு ஏற்ப எண்களைக் கூட்டித் திருத்தும், எல்லாவற்றையும் இணைத்து முழு நிரலாக்கித் தரும். பார்த்தெழுதும் பிழையும் கூட்டற்பிழையும் ஒருங்கே ஒழிந்தன.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. நிரலில் பின்னே சென்ற பகுதிக்குத் திரும்ப வேண்டுமாயின், அது எவ்விடத்தில் உள்ளது என்பது பொறிக்குத் தெரியும். இனி வரவிருக்கும் பகுதிக்குத் தாவ வேண்டுமாயின், அது எங்கே அமையும் என்பது தெரியாதே! கல்லூரி நாளில் தாம் ஆடிய கூடைப்பந்தாட்டம் அம்மையாருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அக்கால மகளிர் ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு நெடுந்தூரம் ஓடுதல் கூடாது. தோழியிடம் எறிந்துவிட்டு, முன்னே ஓடி, அவளிடமிருந்து மீண்டும் பெற வேண்டும். அதுபோலவே, தாவலை நினைவகத்தின் ஒரு மூலைக்கு எறிந்து வைத்தார். உரிய பகுதி வந்து அமைந்ததும், தான் இருக்கும் இடத்தை அம்மூலையில் குறித்துவிடும். பந்து போய்ச் சேர்ந்துவிடும். விளையாட்டில் பெற்ற அறிவு வீண்போவதில்லை.

இவ்வாறு அமைந்த நிரலுக்கு ஏ-0 என்று பெயர். 1952ஆம் ஆண்டு மே மாதம் பிட்ஸ்பர்க்கு நகரில் கூடிய கணிப்பொறி அறிஞர் அவையில் அம்மையார் இதனை விளக்கிக் கட்டுரை படித்தார். நூலகத்தில் கிடப்பவற்றைத் தொகுத்துத் தருவதாகலின் இதற்குத் தொகுப்பி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டார். தமிழ் மாணவர்க்கு இச்சொல் புதிதன்று. அகநானூற்றைத் தொகுத்தார் உருத்திரசன்மர், தொகுப்பித்தான் உக்கிரப்பெருவழுதி என்று நாம் படிக்கிறோம் அல்லவா? பாடியோர் பலராக, தொகுத்தோன் ஒருவனாக அமைந்த அம்முறையே இங்கும் அமைந்தது. தொகுத்தது பொறி என்பது ஒன்றே வேறுபாடு.

அரியதொன்றைச் செய்தாயிற்று, உலகம் உடனே ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நினைத்தல் வேண்டா. கணிப்பொறி எண்களைக் கூட்டவும் பெருக்கவுமே வல்லது, அது நிரல் எழுதாது என்று பலர் கூறினர். ஓடிக்கொண்டிருந்த தொகுப்பியைக் கண்ணால் கண்டும் நம்பாதவர் இருந்தனர். நிரலர்களின் எதிர்ப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் சில நேர்மையானவை. யூனிவாக்கின் நினைவகம் 1000 சொற்களே கொள்வது. அதில் ஒவ்வோரிடமும் பொன்போன்றது. கைத்திறன் மிக்க நிரலர் எழுதியது, தொகுப்பி இணைத்துத் தந்ததினும் சுருங்கியதாகவும் விரைவுடையதாகவும் இருந்தது. பொறியின் நேரமோ விலை மிக்கது. இவற்றைச் சிறு தடைகள் என்று தள்ளுதல் பொருந்தாது.

மற்றொரு காரணம் மனத்தைப் பற்றியது. பிறர்க்கு விளங்காத எண்குறிகளில் எழுதும் வல்லமை நிரலர்க்கு ஒரு பெருமிதத்தைத் தந்திருந்தது. தாம் எழுதிய சைன் துணைநிரல் இருக்கப் பிறர் எழுதியதை எடுத்தாளுதல் தம் திறமைக்கு இழுக்கு என்று அவர் கருதினர். தச்சன் ஒருவன் தன் உளியை விட்டு அயலான் உளியைக் கைக்கொள்ளத் தயங்குவதை ஒத்தது அது. பிறர் செய்ததில் பிழை இருப்பின் பழி தம்மேல் வருமே என்னும் அச்சமும் அதனோடு சேர்ந்திருந்தது.

அம்மையார் வாதத்தால் அவர்களை வெல்ல முற்படவில்லை. செய்து காட்டினார், கொண்டுபோய்க் கொடுத்தார். பொறியின் நேரத்தோடு மனிதர் செலவிடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று நிறுவனத் தலைவர்களுக்கு எடுத்துக் காட்டினார். மூன்றாம் முறையாகத் திருந்திய தொகுப்பியாகிய ஏ-2, 1953ஆம் ஆண்டு யூனிவாக்குப் பொறியைப் பயன்படுத்தியோர்க்கு அனுப்பப்பெற்றது. அதனோடு அதன் உள்ளமைப்பு முழுவதையும் மறைக்காமல் தந்தார்கள். குறை கண்டால் திருத்தலாம், புதிய துணைநிரல் எழுதினால் சேர்க்கலாம், திருத்தியதையும் சேர்த்ததையும் திருப்பி அனுப்பினால் யாவரும் பயன்பெறுவர் என்று அவர்களுக்கு எழுதப்பெற்றது. இஃது ஒரு கூரிய செயல். பிறர் பொருள் என்று தயங்கியவர், தம் கைப்பட ஒரு வரி சேர்த்தபின் அதனைத் தம் பொருளாகவே பேணத் தொடங்குவர் அன்றோ! மூலத்தைத் திறந்து வைத்துப் பலரும் சேர்ந்து வளர்க்கும் கட்டற்ற மென்பொருள் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதன் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கூறுவர். 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 704 என்னும் பொறியைப் பெற்றோரும் பகிர்வு எனப் பொருள்படும் ஷேர் என்னும் பெயரில் கழகம் அமைத்து நிரல்களை ஒருவர்க்கொருவர் வழங்கிக் கொண்டனர். காலம் கனிந்து வந்தது.

அடுத்து அம்மையார் இன்னும் ஓரடி முன்னே வைத்தார். கணக்கர்களும் வணிகர்களும் கணிதக் குறிகளைக் கண்டு அஞ்சுவர். அவர்கள் தம் தாய்மொழிச் சொற்களாலேயே ஆணையிடல் ஆகாதா? ஆகும் என்று காட்ட, ஆங்கிலச் சொற்களில் எழுதிய சிறு நிரலொன்றை இயக்கிக் காட்டினார். பின்னர் அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் செருமானியச் சொற்களிலும் எழுதி இயக்கினார். பொறிக்கு எம்மொழிச் சொல்லும் ஒரு குறியே. எல்லாம் ஒரே துணைநிரலையே அழைக்கும் என்பதை உணர்த்துவதே அவர் நோக்கம். நிறுவனத் தலைவர்களோ அமெரிக்க நாட்டில் செய்த பொறி பிரெஞ்சும் செருமானியமும் அறிந்ததாவது எங்ஙனம் என்று திகைத்துப் போயினர். இனி ஆங்கிலத்தோடு நின்றுகொள்வதாக வாக்களித்த பிறகே பணி தொடர முடிந்தது. இச்செய்தியைப் பிற்காலத்தில் அம்மையார் நகைத்துக்கொண்டே கூறுவதுண்டு. அம்முயற்சியே புளோமாட்டிக்கு என்னும் நிரல்மொழியாக மலர்ந்தது.

இதற்குள் நிறுவனந்தோறும் தனித்தனி மொழி தோன்றிவிட்டது. ஒரு நிறுவனத்தின் பொறிக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது. 1959 மே மாதம், பாதுகாப்புத் துறையின் ஆதரவில், அரசினரும் பொறி செய்வோரும் பயன்படுத்துவோரும் கூடி, வணிகக் கணக்குகளுக்கு ஒரு பொதுமொழி அமைக்கத் தீர்மானித்தனர். ஜீன் சாமட்டு முதலிய பலர் உழைப்பால் கோபோல் என்னும் மொழி பிறந்தது. அதனை வகுத்த குழுவில் அம்மையார் இருந்திலர். எனினும் ஆலோசகராக நின்றார். மொழியின் பெரும்பகுதி புளோமாட்டிக்கைத் தழுவியது. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இருவேறு பொறிகளில் ஓடியது. அதற்கு முன் அவ்வாறு நிகழக் கூடும் என்று பலர் நம்பவில்லை. கோபோல் சொற்பெருக்கு மிக்கது என்று அறிஞர் சிலர் இகழ்ந்தனர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அதனை விரும்பி ஏற்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆண்டை இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்திருந்த பழைய கோபோல் நிரல்களைத் திருத்தும் பணியில் இந்தியப் பொறியாளர் பலர் ஈடுபட்டனர்.

1966ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படை அம்மையாருக்கு ஓய்வு அளித்தது. ஏழு திங்களில் மீண்டும் அழைத்தது. கடற்படையின் பல அலுவலகங்களில் இருந்த கோபோல் ஒன்றோடொன்று ஒவ்வாமல் திரிந்து போயிருந்தது. அதனைச் சீர்செய்ய ஆறு திங்கள் போதும் என்று கூறினர். அவ்வாறு திங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டாக நீண்டது. எந்தத் தொகுப்பி நெறிப்படி அமைந்தது, எது வழுவியது என்று கண்டறியும் சோதனை நிரல்களை அம்மையாரின் குழு உருவாக்கியது. பொதுவாக ஆள்வதற்கு முன் சோதித்தறிய வேண்டும் என்பது ஹார்வர்டுக் குறிப்பேட்டுக் காலம் முதல் அவர் கொண்டிருந்த கொள்கை.

அக்கொள்கையின் அருமை, அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் சென்ற பின்னர் உலகிற்குப் புலனாயிற்று. 1996 சூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகள் ஏவிய ஆரியான் 5 என்னும் புதிய ஏவுகலம், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. முந்திய ஆரியான் 4 கலத்தில் குறைவின்றி இயங்கிய நிரற்பகுதியை அதில் அப்படியே வைத்திருந்தனர். புதிய கலத்தின் விரைவு மிகுதி. அவ்விரைவைக் குறிக்கும் எண் அப்பகுதிக்கு அடங்கவில்லை. ஆங்குப் பிழைத்தது பொதுப் பொருளை எடுத்தாண்ட செயலன்று. புதிய இடத்திற்கு அது பொருந்துமா என்று ஓட்டிப் பாராத செயலே.

முதுமையிலும் அம்மையார் ஊர்தோறும் சென்று இளைஞர்களுக்குச் சொற்பொழிவாற்றினார். போகுமிடமெல்லாம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொண்டு சென்று வழங்குவார். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறி செல்லத்தக்க மிகுந்த தொலைவு அக்கம்பியின் நீளமே. நிரலர் வீணாக்கும் சிறுபொழுதின் அளவை அதனைக் கையில் பிடித்துக் காணலாம். இதுவரை இப்படித்தான் செய்து வந்தோம் என்று கூறுவோரை அவர் பொறுப்பதில்லை. அவர் அலுவலறையில் இருந்த கடிகாரம் இடப்புறமாகச் சுழலும்; அதிலும் மணி பார்க்கலாம் என்பதை வருவோர் சிறிது நேரத்தில் உணர்வர். தாம் செய்தவற்றுள் சிறந்தது எது என்று கேட்டவர்க்கு, தொகுப்பியையோ கோபோலையோ அவர் கூறியதில்லை. தம்மிடம் பயின்ற இளைஞர்களையே கூறினார்.

1986 ஆகஸ்டு 14ஆம் நாள், பாஸ்டன் துறைமுகத்தில், கான்ஸ்டிட்யூஷன் என்னும் பழம்பெருங் கப்பலின் மேல்தளத்தில், ரியர் அட்மிரல் என்னும் உயர்பதவியுடன் அம்மையார் ஓய்வு பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 79. அதன் பின்னரும் ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் ஆலோசகராக இருந்து சொற்பொழிவுகளைத் தொடர்ந்தார். 1992 சனவரி முதல் நாள் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். சனவரி 7ஆம் நாள், ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில், கடற்படை மரியாதைகளுடன் அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பெற்றது.